கேமரனில் வாங்கிய வயலட்

ஒரு நாள் மாலை எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அக்கா பூச்சட்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றார். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போனபோது சாலையோரக் கடையில் வாங்கியதாம், ஆப்பிரிக்கன் வயலட். வாங்கும்போது கருநீலப் பூக்கள் கொத்தாக இருந்தன. இப்போது பூவே இல்லை. வெல்வெட்டுத் துணி போன்ற இலைகளின் மேல் வெளிறிய மஞ்சளில் வளையம் வளையமாகக் கோடுகள். ஈரத் தம்ளரை வைத்து எடுத்த மேசையில் தடம் விழுமே, அது போல.

"என்னமோ பூச்சி விழுந்திருச்சு தம்பி. மருந்து வாங்கி ரெண்டு தடவ அடிச்சேன். நிக்கல."

ஈப்போ புந்தோங்கில் உள்ள எங்கள் லோரோங்கில் வீட்டுச் செடிகளுக்கு நான்தான் வைத்தியர் என்று எப்படியோ பெயராகிவிட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை. தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அக்காவின் கணவர் கச்சாங் பூத்தே கடலை வியாபாரி. கடையில் குளிர்பானமும் உண்டு. இரவு கடை கட்டியதும் ஐஸ் பெட்டியில் உருகிக் கிடக்கும் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதுதான் செடிக்கு.

"கேமரன் செடியில்ல? அதுக்குச் சில்லுன்னு இருந்தாத்தானே புடிக்கும்?"

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அந்த வளையங்களைப் போட்டது அக்காவின் அன்புதான். ஆப்பிரிக்கன் வயலட் வளர்ப்பவர்களை அதிகம் குழப்பும் இலைக்கோளாறு இது. அமெரிக்காவில் 1940களிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தண்ணீர் பட்டதால் வரும் தடம் இல்லை இது. இலையின் வெப்பம் சட்டென்று இறங்குவதால் வருவது. இலையைவிட எட்டு, பத்து டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீர் பட்டால் போதும். அதே தண்ணீர் இலையின் சூட்டிலேயே இருந்தால் எத்தனை துளி விழுந்தாலும் தடம் விழாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். இலையின் மேல்தோலுக்குக் கீழே, வேலிக்கால் நட்ட மாதிரி நெருக்கமாக நிற்கும் செல்கள் ஒரு வரிசை உண்டு. பச்சையம் மிகுதியாக இருப்பது அங்கேதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பெரிய நீர்ப்பை ஒன்று. அதற்குள் புளித்த சாறு. பையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, அந்தப் புளிப்பு வெளியே கசிந்து பசுங்கணிகங்களைத் தொடாமல் காக்கிறது. திடீர்க் குளிர்ச்சியில் இந்தச் சவ்வு குலைந்துபோவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். புளிப்பு வெளியே கொட்டுகிறது. உணவு தயாரிக்கும் கருவி அமிலத்தில் நனைந்து செயலிழக்கிறது. மேல்தோலுக்கும் அடிப்பக்கச் செல்களுக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் தடவிப் பார்த்தால் இலை பழையபடி மெத்தென்றே இருக்கும். நிறம் மட்டும் போயிருக்கும். துளி வழிந்த வழியெல்லாம் கோடு, தேங்கி நின்ற இடத்தின் விளிம்பில் வளையம்.

தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து இலையைச் சுடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. ஹங்கேரிய இயற்பியலாளர்கள் 2010இல் இதை மெனக்கெட்டுச் சோதித்தார்கள். வழுவழுப்பான இலையில் துளி தட்டையாகப் படிந்துவிடுவதால் சுடுவதில்லை. ரோமங்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் சிலவகை இலைகளில் மட்டும் சுட வாய்ப்புண்டு என்று கண்டார்கள். வயலட் இலையும் ரோமம் உள்ளதுதான். ஆனால் அக்கா தண்ணீர் ஊற்றியது ராத்திரி பத்தரை மணிக்கு. சூரியன்மேல் பழி போட வழியில்லை.

இதற்கு மருந்து கிடையாது. செத்த செல் பச்சையாகத் திரும்பாது. ஆனால் வளையம் பரவவும் பரவாது. நோயா காயமா என்று பிரிக்கும் முதல் கேள்வி அதுதான்: அந்தத் தடம் நகர்கிறதா? பென்சிலால் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். அப்படியே இருந்தால் காயம். பெரிதாகியிருந்தால், அல்லது தண்ணீரே படாத புதுக் குருத்திலும் வளையம் வந்தால், விஷயம் வேறு. தக்காளிப் புள்ளி வாடல் வைரஸும் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்றும் இதே செடியில் ஏறக்குறைய இதே மாதிரி வளையங்களைப் போடும். இலைப்பேன்தான் அவற்றைச் சுமந்து வரும். வைரஸ் என்றால் செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் அவசரப்பட்டுப் பெயர் சூட்டக் கூடாது. அக்காவிடம் பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

அந்தப் பத்து நாளில் 'கேமரன் செடி' என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

1892இல் ஜெர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், வால்ட்டர் வான் செயின்ட் பால் இல்லேர் என்ற அதிகாரி இந்தச் செடியைக் கண்டு ஜெர்மனியிலிருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். ஹனோவர் நகரின் ஹெர்ரன்ஹவுசன் தோட்டத்தைக் கவனித்துவந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட் 1893இல் அதற்குச் செயின்ட்பாலியா என்று பெயர் வைத்தார். செடி கிடைத்ததாக அன்று குறிக்கப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று உசம்பாரா மலைக்காடு. மற்றது தாங்கா என்ற கடற்கரை நகருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகள்; கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம்கூட இல்லாத இடம். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது. தாங்கா தெற்கே ஐந்து டிகிரியில். கண்ணாடியில் பார்த்த மாதிரி.

அதோடு, இந்தச் செடியின் குடும்பமான ஜெஸ்னீரியேசியில் பலருக்குச் சுண்ணாம்புப் பாறை என்றால் உயிர். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் அந்தக் குடும்பத்துச் செடிகள் தொற்றிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றில் மோனோஃபில்லியா என்றொரு விந்தை: முளைக்கும்போது வந்த வித்திலை இரண்டில் ஒன்றே வளர்ந்து வளர்ந்து, அந்த ஒற்றை இலையோடு ஆயுளைக் கழித்துவிடும். வயலட்டின் ஆப்பிரிக்கச் சொந்தமான ஸ்ட்ரெப்டோகார்ப்பஸிலும் இப்படி ஓரிலைக்காரர்கள் உண்டு. 2015இல் தாவரவியலாளர்கள் செயின்ட்பாலியாவை அந்த ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடி புறப்பட்டுக் கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறதே, அந்தப் பாறை மாதிரியான பாறைதான் இந்தக் குடும்பத்தில் பலருக்குத் தாய்வீடு.

அப்படியானால் ஈப்போவின் சூட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடைகளில் விற்கும் இன்றைய கலப்பு வகைகள் 18 முதல் 27 டிகிரிக்குள் நன்றாகப் பூக்கும் என்பது உண்மை. இங்கே மதியம் 33, 34 தொடும்போது பூ குறையும். ஆனால் சாவது பெரும்பாலும் சூட்டால் அல்ல, சட்டிக்குள் நாம் செய்யும் காரியத்தால். பாறை இடுக்கில் நிழல் உண்டு, ஈரக்காற்று உண்டு, மட்கிய இலைக்குப்பை ஒரு பிடி உண்டு. தேங்கிய தண்ணீர் மட்டும் கிடையாது. மழை பெய்தால் வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும்.

ஒன்பதாம் நாளே அக்கா திரும்பி வந்தார். வளையம் நகரவில்லை. ஆனால் செடி முழுக்கத் துவண்டு, இலைகள் சட்டியின் விளிம்பில் தொங்கின. "நீங்க ஐஸ் தண்ணி வேணாம்னீங்க. பைப்புத் தண்ணிதான் காலையும் சாயங்காலமும் ஊத்துறேன். அப்பயும் வாடுது."

துவண்ட இலை என்றால் தாகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மண்ணில் விரலை விட்டேன். சேறு. நடுத்தண்டை லேசாக அசைத்ததும் செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை; பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது.

நிறையத் தண்ணீருக்குள் நிற்கும் செடி தாகத்தில் வாடுவது எப்படி? வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் துளைகளில் காற்று இருக்கும்வரை அதற்குக் கவலையில்லை. துளையெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்தான் கதி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வேரோ சூடு ஏற ஏற இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பம் மாதிரி. கேமரனில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கிற ஈரச்சட்டி ஈப்போவில் ஒரே நாளில் வேரைத் திணறடிப்பது இதனால்தான்.

ஆக்சிஜன் இல்லாத வேரின் செல்கள் உள்ளுக்குள் புளித்துப்போகின்றன. செல்சுவரை ஒட்டிய சவ்வில் நீர் புகுவதற்கென்றே நுண்ணிய வாசல்கள் உண்டு. அக்வாபோரின் என்று பெயர். அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் புளிப்பு ஏறினால் அந்த வாசல்கள் மூடிக்கொள்கின்றன. வெளியே குளமாகத் தண்ணீர், உள்ளே வர வழியில்லை. மேலே இலை வாடுகிறது. அதைப் பார்த்த நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். இலையில் வளையம் போட்டதும் புளிப்புதான், வேரின் வாயை அடைத்ததும் புளிப்புதான் என்பதை யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

திணறும் வேருக்குள் அடுத்து நுழைவது பித்தியம், ஃபைட்டாஃப்தோரா போன்ற நீர்ப்பூசணங்கள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும், நம் ஊரில் டுரியான் மரத்தின் பட்டையை அழுகவைப்பதும், மழைக்காலத்தில் பால்மரம் எனும் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடு போடுவதும் இந்த ஃபைட்டாஃப்தோரா கூட்டம்தான். பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருக்கும்; பூஞ்சை அல்ல. செல்சுவரே வேறு பொருளால் ஆனது. வித்துகளுக்கு வால் உண்டு, மண்ணின் ஈரத்தில் நீந்தி அடுத்த வேரைத் தேடிப் போகும். கடையில் 'பூஞ்சை மருந்து' என்று கேட்டால் கொடுக்கும் கார்பெண்டசிம் வகையறா இவற்றை ஒன்றும் செய்யாது. காசைக் கொடுத்து வாங்கி ஊற்றிவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

சரியான வைத்தியம் தண்ணீரை நிறுத்துவதும் மண்ணை மாற்றுவதும். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். உப்புப் போக நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. சட்டி சின்னதாக இருக்கட்டும். செடியின் விரிவில் மூன்றில் ஒரு பங்கு அகலம் போதும். மேல்மண் தொட்டால் காய்ந்திருக்கும்போது சட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து, அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டுத் தட்டைக் கவிழ்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் வேறொரு வில்லங்கம் உண்டு. தட்டில் ஒரு வாரம் நின்ற தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் அபராதம் போடலாம். அந்தத் தட்டை வயலட்டுக்காக வைத்தேன் என்று சொன்னால் விடமாட்டார்கள்.

அக்காவின் அம்மா அன்று கூட வந்திருந்தார். தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். பிடுங்கி வந்த செடியின் அடியில் மஞ்சளாகிக் கிடந்த இரண்டு இலைகளைக் காட்டி, "இதப் பத்திக் கவலப்படாதீங்க, இது வயசு," என்றார். பெரிய பாடத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். தை, மாசியில் பால்மரம் இலை முழுக்கக் கொட்டும்போது தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மரம் செத்துவிட்டது என்று பயப்படுவார்களாம். அது நோய் அல்ல. அதன்பின் செம்பு நிறத்தில் துளிர் விடுகிறதே, அந்தத் துளிர் வெள்ளைச் சாம்பல் பூசினாற்போலச் சுருங்கி உதிர்ந்தால்தான் நோய். ஓய்டியம் என்ற உண்மையான பூஞ்சை. 1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளிலிருந்து பேராக் முழுக்கப் பரவிய அந்த மரத்தை மூன்று தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு, பழைய இலை உதிர்வதும் புது இலை உதிர்வதும் வேறுவேறு செய்தி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயலட்டிலும் அதே கணக்கு. அடியிலுள்ள இலை ஒவ்வொன்றாக மஞ்சளானால் வயது. மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் வெளுத்த குருத்திலை என்றால், மண்ணின் காரத்தன்மை கூடி இரும்புச்சத்து எட்டாமல் போயிருக்கிறது. சுண்ணாம்புப் பூமியின் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்கு இது வரும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினால் சரியாகும். பாறை இடுக்கில் மட்டும் எப்படி வாழ்ந்தது என்று கேட்கலாம். அங்கே வேர் கிடப்பது பாறையில் அல்ல, இடுக்கில் சேர்ந்த இலைமக்கில்.

நடுக்குருத்து மட்டும் சுருங்கி, கெட்டிப்பட்டு, சாம்பல் பூத்து, ரோமம் மண்டிக் கிடந்தால்தான் நிஜமாகவே பயப்பட வேண்டும். அது சிலந்திப்பேன். கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. புந்தோங்கில் மிளகாய்ச் செடி இல்லாத வாசல் குறைவு, அதனால் இதை மிளகாயை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். மிளகாய் இலை ஓடம் போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த ஓடம் போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். அந்த மிளகாய்ச் சிலந்திப்பேனே வயலட்டுக்கும் தாவும். நம் சூட்டில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். எட்டுக்கால் பிராணி என்பதால் பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அசையாது. கந்தகத்துக்கு அடங்கும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையையே பொசுக்கும் என்பதால் அந்தி சாய்ந்த பிறகு, அதுவும் மிதமாகத்தான் தெளிக்க வேண்டும். ஒரே ஒரு செடிதான் இருக்கிறதென்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்பேன். பத்து சட்டி இருந்தால் முதல் காரியம் நோய்ச்சட்டியைத் தனியே வைப்பது. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

மாவுப்பூச்சி அவ்வளவு மோசமில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டால் போதும். சட்டி விளிம்பில் உரத்தின் உப்புப் பூத்து, அதில் படுத்த இலைக்காம்பு துருப்பிடித்தாற்போலக் கருகினால், விளிம்பைத் துடைத்துவிட்டு ஒருமுறை நல்ல தண்ணீரால் மண்ணை அலசிவிடுங்கள். இலை நன்றாக இருந்தும் பூ மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தால் பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் வாழை விடும் எத்திலீன் வாயு இந்தப் பூவுக்கு ஆகாது. சாமி மேடையில் பழத்துக்குப் பக்கத்தில் வயலட்டை வைத்துவிட்டுக் கண்ணேறு என்று சொன்ன வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

வெளிச்சத்தில் ஒரு சூட்சுமம். அமெரிக்கப் புத்தகங்கள் வயலட்டுக்கு வடக்குச் சன்னல் உத்தமம் என்று எழுதும். அங்கே வடக்குச் சன்னலில் நேர்வெயில் விழாது. ஈப்போவிலோ ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சன்னலிலும் வெயில் அடிக்கும், இலை வெளுத்துப் பொசுங்கும். மீதி மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு அந்தக் கதி. ஒரு மெல்லிய வெள்ளைத் திரை தொங்கவிட்டால் எந்தச் சன்னலும் சரி. காம்பு நீண்டு இலை மேல்நோக்கி எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

வேர் அழுகிய அக்காவின் செடியை அப்படியே விட்டுவிடவில்லை. வளையம் விழுந்திருந்தாலும் விறைப்பாக இருந்த இரண்டு இலைகளைக் காம்போடு கிள்ளினேன். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நாம் சொல்லும் ரணகள்ளி இலை விளிம்பில் குட்டி போடுகிற மாதிரி, வயலட் காம்பு வெட்டுவாயில் குட்டி போடும். காம்பை மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சாய்வாக வெட்டி, ஈரப் பெர்லைட்டில் செருகி, மேலே தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் படாத சன்னலில் வைத்தோம். சட்டிக்குப் பதிலாக அக்காவின் அம்மா ரப்பர் பால் பிடித்த தன் பழைய மங்குகளைக் கொண்டுவந்தார்; அடியில் துளை போட எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஒரு மாதத்தில் வேர் பிடித்தது. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் காம்பின் அடியில் எலிக்காது போலக் குருத்துகள் எட்டிப் பார்த்தன, ஒரு மங்கில் மூன்று, இன்னொன்றில் ஐந்து. வைரஸ் என்றால் தாயிலிருந்து குட்டிக்கும் தொற்றியிருக்க வேண்டும். தாய் இலையின் வளையங்கள் அழியாமல் அப்படியே இருக்கின்றன. எட்டுக் குட்டிகளில் ஒன்றில்கூட இல்லை.